பழைய அணு உலையைப் பிரிக்கும் முன் கணினியில் ஏன் பிரித்துப் பார்க்கிறார்கள்?

கேள்வி இது: "மூடப்பட்ட அணுமின் நிலையங்களைக் கழற்றும் முன் எல்லாவற்றையும் கணினியில் சிமுலேஷன் செய்து பார்ப்பதாகச் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே வேலைக்கு உதவுகிறதா, அல்லது பார்க்க வருபவர்களுக்குக் காட்டும் முப்பரிமாணப் படம் மட்டும்தானா? நான் இயந்திரவியல் படிக்கிறேன், இந்தத் துறைக்கு வர ஆசை."

உதவுகிறது, நிறையவே உதவுகிறது. ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் அல்ல. 'இந்த அறையில் இவ்வளவு கதிர்வீச்சு இருக்கும்' என்று கணினி சொல்லும் எண் முக்கியம்தான். அதைவிட முக்கியம், உள்ளே போகப்போகிற ஆட்கள் போகும் முன்பே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, "இந்த வால்வை இந்தப் பக்கம் இழுத்தால் நான் எங்கே நிற்பேன்?" என்று கேட்க முடிவது. இதை வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், மற்ற கட்டிடங்களை இடிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். சாதாரணத் தொழிற்சாலையில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் உள்ளே போய்ப் பார்க்கலாம், அளக்கலாம், யோசிக்கலாம், மறுபடி போகலாம். அங்கே யோசிப்பதற்குச் செலவு கிடையாது. கதிர்வீச்சு உள்ள அறையில் யோசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உடம்பில் ஏறுகிறது. அப்படி ஏறும் அளவைத்தான் டோஸ் என்கிறோம், அலகு மில்லிசீவர்ட். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கும் வரம்பு, பணியாளருக்கு 5 ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 50ஐத் தாண்டக் கூடாது. நடைமுறையில் அந்த வரம்பின் பக்கமே போகக் கூடாது என்பதுதான் நோக்கம். நியாயமாக முடிந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதே இந்தத் துறையின் அடிப்படை விதி.

இந்த 'நியாயமாக' என்ற சொல் எவ்வளவு நுணுக்கமானது என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். ஓர் அறையில் மணிக்கு 0.5 மில்லிசீவர்ட். 4 பேர் 3 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். மொத்த டோஸ் 6. இங்கே ஈயத்தகடு தொங்கவிட்டால் கதிர்வீச்சு பாதியாகும் என்று வைத்துக்கொள்வோம். தகடு மாட்ட 2 பேருக்கு 1 மணி நேரம் ஆகும், அதற்கு டோஸ் 1. பிறகு வேலைக்கு 3. மொத்தம் 4. லாபம், மாட்டலாம். அதே வேலை முக்கால் மணி நேரத்தில் முடிவதாக இருந்தால்? தகடு இல்லாமல் 1.5. தகடோடு, மாட்டுவதற்கு 1, வேலைக்கு 0.75, ஆக 1.75. பாதுகாப்புக்காக மாட்டிய தகடு மொத்த டோஸைக் கூட்டிவிட்டது. நிஜத்தில் ஓர் அறையில் இப்படி ஒரு முடிவு அல்ல, நாற்பது ஐம்பது முடிவுகள் இருக்கும், ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். மனக்கணக்கில் அடங்காது. சிமுலேஷன் தேவைப்படுவது இதற்குத்தான்.

சரி, கணினிக்குள் என்ன போகிறது? மூன்று விஷயங்கள்: கதிரியக்கம் எங்கே எவ்வளவு இருக்கிறது, பொருள்கள் எப்படி நிற்கின்றன, ஆட்களும் கருவிகளும் எப்படி நகரப்போகிறார்கள். இந்த மூன்றில் முதலாவதுதான் எனக்கு மிகப் பிடித்ததும், அதிகமாகத் தூக்கத்தைக் கெடுத்ததும்.

எரிபொருளை வெளியே எடுத்த பிறகும் உலைக்குள் கதிரியக்கம் இரண்டு வழிகளில் தங்கியிருக்கும். ஒன்று, படிவு. குழாய்களின் உட்புறத்திலும், தொட்டிகளின் அடியிலும், கசிந்த இடத்துத் தரையிலும் ஒட்டியிருப்பது. இதைக் கழுவலாம், சுரண்டலாம். இன்னொன்று, பல ஆண்டுகள் நியூட்ரான் பட்டதால் உலோகமும் கான்கிரீட்டுமே கதிரியக்கப் பொருளாக மாறியிருப்பது. இதைக் கழுவ முடியாது, அது அந்தப் பொருளின் உள்ளேயே இருக்கிறது.

இந்த இரண்டாவது வகையைக் கணக்கிட, உலை எந்த ஆண்டில் எவ்வளவு திறனில் ஓடியது என்ற வரலாற்றை எடுத்து, நியூட்ரான்கள் எங்கெங்கே போயிருக்கும் என்று கணினியில் ஓட்டி, அதிலிருந்து எந்த ஐசோடோப் (ஒரு தனிமத்தின் குறிப்பிட்ட எடையுள்ள அணு வகை) எவ்வளவு உருவாகியிருக்கும் என்று வருவிக்கிறார்கள். கேட்க நேர்த்தியாக இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், பெரும்பாலான தொல்லையைக் கொடுப்பது பொருளின் முக்கியக் கூறு அல்ல, அதில் ஒட்டிக்கொண்டு வந்த அசுத்தம். துருப்பிடிக்காத எஃகில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் கோபால்ட் கலந்திருக்கும். யாரும் வேண்டுமென்று போட்டதல்ல, நிக்கலோடு வந்தது. அந்தக் கோபால்ட்-59 நியூட்ரானை விழுங்கிக் கோபால்ட்-60 ஆகிறது. மூடிய பிறகு வரும் முதல் சில பத்தாண்டுகளுக்கு உலையின் உள்பாகங்களில் ஆளை நெருங்கவிடாமல் தடுப்பது பெரும்பாலும் இதுதான். கான்கிரீட்டில் அதே வேலையை யூரோப்பியம் செய்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், யூரோப்பியம்-152 உருவாகி 13.5 ஆண்டு அரை ஆயுளோடு (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுவருக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

1960களில் எஃகு வாங்கியவர்கள் சான்றிதழில் குரோமியம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு என்று எழுதி வாங்கினார்கள். கோபால்ட் எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. கோபால்ட் இரண்டு மடங்கு என்றால் கோபால்ட்-60உம் இரண்டு மடங்கு. எவ்வளவு சிறந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த இடத்தில் அதால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் உலோகத்திலிருந்து சீவல் எடுத்தும், கான்கிரீட்டில் துளையிட்டு உருளையாக மாதிரி எடுத்தும் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். கணக்கு ஒரு வளைகோட்டின் வடிவத்தைத் தருகிறது. மாதிரி அந்தக் கோட்டை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று சொல்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துத் திட்டம் போடுபவரை நம்பாதீர்கள்.

அடுத்தது பொருள்கள் நிற்கும் விதம். பழைய நிலையங்களில் வரைபடங்கள் இருக்கும், ஆனால் கட்டும்போதே மாற்றியது, பிறகு பழுது பார்க்கும்போது மாற்றியது எல்லாம் அதில் ஏறியிருக்காது. நான் டோஸ் கணக்கு போட்ட ஒரு வேலையில், வரைபடப்படி சுவரோரம் நேராகப் போக வேண்டிய குழாய், உண்மையில் நடுவழியில் இறங்கி ஆள் நிற்க வேண்டிய இடத்துக்கு ஓரடி தள்ளி ஒரு வளைவு எடுத்திருந்தது. அந்த வளைவுக்குள்தான் வண்டலும் தேங்கியிருந்தது. லேசர் ஸ்கேனர் கொண்டுபோன பிறகே அது எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முன் நான் கொடுத்திருந்த எண்ணை நம்பி யாராவது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

லேசர் ஸ்கேனரை அறையின் நடுவில் வைத்தால் அது சுற்றி வந்து, ஒளி பட்ட ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம் என்று கோடிக்கணக்கான புள்ளிகளாகத் தரும். அந்தப் புள்ளி மேகத்திலிருந்து குழாய், தொட்டி, சுவர் என்று அடையாளம் கண்டு முப்பரிமாண மாதிரி கட்டுகிறார்கள். இது அலுப்பான, கண் வலிக்கும் வேலை. இன்று தானாக அடையாளம் காணும் மென்பொருள்கள் வந்திருந்தாலும், ஒரு மனிதர் உட்கார்ந்து சரிபார்க்காமல் விட முடியாது. அப்புறம், ஸ்கேனருக்கு வெளித்தோற்றம் மட்டும்தான் தெரியும். குழாயின் சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு, உள்ளே தண்ணீரா காற்றா என்பது தெரியாது. அதற்குப் பழைய ஆவணங்களும், அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் நினைவும் வேண்டும். ஓய்வு பெற்ற பணியாளர்களைக் கூப்பிட்டு, மாதிரியைத் திரையில் காட்டி, "இங்கே எப்போதாவது கசிந்ததா?" என்று கேட்பது மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று. அந்த நினைவுக்கும் அரை ஆயுள் உண்டு. நிலையத்தை மூடியவுடனே கேட்டுவிட வேண்டும்.

கதிரியக்கம் எங்கே என்றும் வடிவம் என்ன என்றும் தெரிந்துவிட்டால், அறையின் ஒவ்வொரு புள்ளியிலும் டோஸ் வீதம் என்ன என்று கணக்கிடலாம். இதற்கு இரண்டு பாதைகள்.

முதலாவது, புள்ளிக் கரு முறை. கதிரியக்க மூலத்தை ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஆள் நிற்கும் இடத்துக்கு ஒரு நேர்கோடு போட்டு, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து, இடையில் உள்ள எஃகும் ஈயமும் எவ்வளவு குறைக்கும் என்று பார்த்து, சிதறி வரும் கதிர்களுக்காக ஒரு திருத்தக் காரணியால் பெருக்கிக் கூட்டுவது. வேகமானது. ஒரு கவசத்தை நகர்த்தினால் உடனே புது எண் வரும். மூலையைச் சுற்றி, கதவு இடுக்கு வழியாகச் சிதறி வரும் கதிரைப் பிடிப்பதில் பலவீனமானது.

இரண்டாவது, மான்டே கார்லோ. 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் தனியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, ஆட்டம் வெற்றிகரமாக முடிவதற்கான வாய்ப்பைச் சூத்திரத்தால் கண்டுபிடிப்பதைவிட நூறு முறை ஆடிப்பார்த்து எண்ணிவிடலாமே என்று யோசித்தார். அதை நியூட்ரான்களுக்குப் பொருத்தலாம் என்று அவரும் ஜான் வான் நாய்மனும் வளர்த்தெடுத்தார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பிறந்த அந்த வழியின் வாரிசுதான் இன்று உலகெங்கும் பயன்படும் எம்சிஎன்பி என்ற நிரல். ஒவ்வொரு துகளையும் பிறப்பிலிருந்து இறப்புவரை பின்தொடர்கிறது: எங்கே மோதியது, எந்தப் பக்கம் திரும்பியது, எங்கே உறிஞ்சப்பட்டது என்று. துல்லியமானது, ஆனால் மெதுவானது. கோபால்ட்-60 காமாக் கதிரைப் பாதியாக்க ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் கான்கிரீட் போதும் என்றால், 2 மீட்டர் சுவருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட முறை பாதியாக வேண்டும். நேராக ஓட்டினால் நூறு கோடித் துகள் அனுப்பியும் மறுபக்கம் ஒன்றுகூட நேரே வந்து சேராமல் போகலாம். அதனால் சுவரின் ஆழத்துக்குப் போகும் துகள்களைப் பிரித்துப் பெருக்கி, அதற்கேற்ப ஒவ்வொன்றும் கணக்கில் பெறும் பங்கைக் குறைக்கும் உத்திகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எதைப் பயன்படுத்துவது? ஆட்களோடு உட்கார்ந்து வேலையைத் திட்டமிட முதலாவது, தடித்த கவசமும் வளைந்த பாதையும் வரும் இடத்தில் இரண்டாவது. பெல்ஜியத்தின் மோல் நகரில் உள்ள பிஆர்3 உலை இதற்கு நல்ல உதாரணம். 1962இல் இயங்கத் தொடங்கியது, மேற்கு ஐரோப்பாவின் முதல் அழுத்த நீர் உலை. 1987இல் மூடினார்கள், பிறகு ஐரோப்பிய ஆணையம் அதைப் பிரித்தெடுத்தலுக்கான முன்னோடித் திட்டமாக எடுத்துக்கொண்டது. அதை நடத்திய பெல்ஜிய அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய விசிபிளான் என்ற மென்பொருள் புள்ளிக் கரு முறையில் இயங்குவது. அறையை வரை, மூலங்களை வை, ஆள் எந்தப் பாதையில் நடந்து எங்கே எத்தனை நிமிடம் நிற்பார் என்று கொடு, மொத்த டோஸைச் சொல்லிவிடும். வேறு வேறு வேலை வரிசைகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடலாம்.

அந்த வரிசை என்ற விஷயம் மிக முக்கியம். பிரித்தெடுக்கும் வேலையில் கதிர்வீச்சுப் புலம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒரு தொட்டியை வெளியே எடுத்தால் அதில் இருந்த கதிரியக்கம் போய்விட்டது என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்தத் தொட்டி தனக்குப் பின்னால் இருந்த இன்னும் மோசமான குழாயை மறைத்துக்கொண்டிருந்திருக்கலாம். தண்ணீரை வடித்தால் கவசமே போய்விடும். இன்று அளந்த வரைபடம் நாளைய நிலைக்குப் பொருந்தாது, நாளைய நிலையை இன்றே அளக்கவும் முடியாது, ஏனென்றால் அது இன்னும் வரவில்லை. அந்த நாளைய அறையை இன்றே காட்டுவது கணக்கு மட்டும்தான். சிமுலேஷன் இல்லாமல் வேறு வழியே இல்லாத இடம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு உண்டு. அறையில் இருபது இடங்களில் டோஸ் அளந்தாகிவிட்டது, எந்தக் குழாயில் எவ்வளவு இருக்கிறது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே ஒரே அளவீடுகளுக்குப் பல விடைகள் பொருந்தும். பக்கத்தில் உள்ள சின்ன மூலமும் தூரத்தில் உள்ள பெரிய மூலமும் ஒரே எண்ணைத் தரலாம். காமா கேமரா என்ற கருவி கதிர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று படத்தின் மேல் வண்ணமாகக் காட்டும். அதைச் சேர்த்தால் பல பொய்யான விடைகள் கழிந்துவிடும்.

இனி ஆட்கள். ஜப்பானின் சுருகா நகரில் இருந்த ஃபூகென் உலை, 165 மெகாவாட், 1979 முதல் 2003 மார்ச் வரை ஓடியது. அதைக் கழற்றத் திட்டமிட, நார்வேயின் ஹால்டன் ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து விஆர்டோஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். கணினியில் உலைக்கூடத்தைக் கட்டி, உள்ளே மனித உருவங்களை நடக்கவிட்டு, ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவரவர் தலைக்குமேல் டோஸ் ஏறிக்கொண்டே போவதைக் காட்டும். கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் இந்த வேலையின் பெரிய கஷ்டம். அதை நிறமாகவும் மேகமாகவும் திரையில் பார்த்த ஒருவர், நிஜ அறைக்குள் போனதும் எந்தப் பக்கம் முதுகைத் திருப்பி நிற்க வேண்டும் என்று உடம்பாலேயே உணர்கிறார். அந்த ஹால்டனின் ஆராய்ச்சி உலையே 2018இல் நிரந்தரமாக மூடப்பட்டது. மற்றவர்களுக்காகச் செய்த கருவிகள் இப்போது அவர்களுடைய சொந்த வீட்டுக்கே தேவைப்படுகின்றன.

ஜப்பானிடம் இன்னொரு சொத்தும் இருந்தது. அந்த நாட்டில் முதன்முதலாக அணுமின்சாரம் தயாரித்த டோக்காய் செயல்விளக்க உலையை 1986 முதல் 1996 வரை கழற்றினார்கள். எந்த வேலைக்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு கழிவு என்று பொறுமையாகக் குறித்து வைத்தார்கள். பின்னால் வந்த திட்டமிடல் நிரல்கள் அந்தக் குறிப்புகளின் மேல்தான் நிற்கின்றன. சிமுலேஷனில் 'இந்தக் குழாயை வெட்ட 40 நிமிடம்' என்று யாரோ ஒரு பெட்டியில் எழுதுகிறார் இல்லையா, அந்த 40 எங்கிருந்து வந்தது என்று எப்போதும் கேளுங்கள்.

எப்படி வெட்டுவது என்ற கேள்வியும் உண்டு. பிளாஸ்மா (உலோகத்தை உருக்கும் மிகச் சூடான வாயுத்தாரை) வேகமானது, ஆனால் புகையும் துகளும் கிளப்பும், தண்ணீருக்கடியில் செய்தால் தண்ணீர் கலங்கிப் பார்வை மறையும். மணல் கலந்த நீர்த்தாரை எதையும் வெட்டும், ஆனால் அந்த மணல் முழுக்கக் கழிவாகும். இயந்திர ரம்பம் மெதுவானது, சீவல் பெரிதாக இருப்பதால் பிடிக்க எளிது. பிஆர்3இல் வெவ்வேறு வெட்டு முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இயந்திர வெட்டுக்கு நல்ல பெயர் கிடைத்தது. கணினி இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது: எந்தக் கோட்டில் வெட்டினால் துண்டுகள் பெட்டிக்குள் இறுக்கமாக அடங்கும், எந்தப் பெட்டியின் வெளிப்புற டோஸும் எடையும் வரம்புக்குள் இருக்கும் என்று வெட்டுத் திட்டத்தையும் அடுக்குத் திட்டத்தையும் சேர்த்துத் தேடுகிறது.

சில நேரம் வெட்டவே வேண்டாம் என்ற விடையும் வரும். அமெரிக்காவின் ஷிப்பிங்போர்ட் உலைக் கலனை (எரிபொருள் இருந்த எஃகுத் தொட்டி) முழுசாகவே எடுத்து, படகில் ஏற்றி, பனாமா கால்வாய் வழியாக ஹான்ஃபோர்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 1999இல் டிரோஜன் நிலையத்தின் கலனும் உள்பாகங்களோடும் உள்ளே நிரப்பிய கான்கிரீட்டோடும் ஏறக்குறைய 1,000 டன் எடையில் கொலம்பியா ஆற்றில் மிதந்து போனது. ஆற்றங்கரையில் நிலையம், அதே ஆற்றின் மேற்போக்கில் புதைக்கும் இடம் என்று அமைந்ததால் முடிந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. ஆனால் இரண்டு வழிகளையும் எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுப்பது சரியல்ல.

வெளியே வரும் பொருள்களின் ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு நிலையத்தில் உள்ள கான்கிரீட்டிலும் இரும்பிலும் பெரும்பகுதி கதிரியக்கம் இல்லாதது. ஆனால் இல்லை என்று அளந்து நிரூபிக்க வேண்டும். அதனால் நெரிசல் வருவது பெரும்பாலும் வெட்டும் இடத்தில் அல்ல, அளக்கும் இடத்தில். வரிசைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தால், இன்னொரு ரம்பம் வாங்குவதைவிட இன்னொரு அளவீட்டு நிலையம் போடுவது நல்லது என்று தெரியவரும். வெளிப்பார்வைக்குச் சாதாரண விஷயம், பணமும் ஆண்டுகளும் சேமிப்பது இங்கேதான்.

இப்போது இதன் எல்லைகளைச் சொல்லியாக வேண்டும். ஒழுங்காக மூடப்பட்ட உலையில் நமக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தோராயமாகவாவது தெரியும். விபத்து நடந்த உலை வேறு கதை. 1979இல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு நிலையத்தின் இரண்டாம் உலையில் விபத்து நடந்த பிறகு, எரிபொருள் பெரிய அளவில் உருகியிருக்காது என்று பலர் நம்பினார்கள். 1982 ஜூலையில் ஒரு சின்னக் கேமராவை உள்ளே இறக்கியபோது, எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தின் மேற்பகுதியில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு வெற்றிடம், அதற்குக் கீழே சிதைந்த குவியல். பிறகு இன்னும் ஆழமாகப் பார்த்தபோது, எரிபொருளில் பாதியளவு உருகியதும், ஏறக்குறைய 20 டன் கலனின் அடிக்கே வழிந்து போனதும் தெரிந்தது. கழற்றும் திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது.

ஃபுகுஷிமாவில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. மூன்று உலைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 880 டன் உருகிய எரிபொருள் சிதைவு என்பது கணினிக் கணக்குகளிலிருந்து வந்த மதிப்பீடு. 2015இல் விண்ணிலிருந்து வந்து தடித்த பொருளையும் ஊடுருவும் மியூவான் துகள்களை வைத்து முதலாம் உலையை ஊடுருவிப் பார்த்தபோது, எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய அளவில் எதுவும் இல்லை என்று உறுதியானது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் நராஹா என்ற ஊரில் ஒரு மையம் கட்டியிருக்கிறார்கள். உலைக்கூடத்துக்குள் நடப்பது போன்ற மெய்நிகர் அறை ஒரு பக்கம், உலையின் அடிப்பகுதியின் ஒரு துண்டை நிஜ அளவிலேயே எஃகில் கட்டிய மாதிரி இன்னொரு பக்கம். இரண்டும் ஏன் வேண்டும் என்றால், கேபிள் எங்கே மாட்டிக்கொள்ளும், ரோபோவின் கை தன் எடையிலேயே எவ்வளவு தொய்யும் என்பதைத் திரை முழுசாகச் சொல்லிவிடாது. 22 மீட்டர் நீளமுள்ள ஒரு ரோபோ கையைத் தயார்செய்ய ஆண்டுகள் ஓடின. கடைசியில் முதல் மாதிரியை எடுத்தது, தூண்டில் கம்பு போல நீளும் எளிய கருவி.

அந்த வேலையில் நடந்த ஒரு சம்பவத்தை இந்தத் துறைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வேன். 2024 ஆகஸ்ட் 22 அன்று கருவியை உள்ளே தள்ளத் தொடங்கும் நேரத்தில், தள்ளுவதற்கான 5 குழாய்கள் தவறான வரிசையில் வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. வேலை நின்றது. செப்டம்பரில் மறுபடி தொடங்கி, கேமரா பழுதாகி, மறுபடி நின்று, நவம்பரில் 1 கிராமுக்கும் குறைவான சிதைவு வெளியே வந்தது. மிகக் கடினமான பகுதி உலைக்குள் இருக்கிறது என்று எல்லோருடைய கவனமும் அங்கே இருந்தது. தடுக்கியது குழாயை அடுக்கி வைக்கும் சாதாரண வேலையில். நீங்கள் ஒரு வேலையைக் கணினியில் ஒத்திகை பார்க்கும்போது, கருவியைத் தூக்கிக்கொண்டு கதவு வழியாக நுழைவதிலிருந்து தொடங்குங்கள். உலையின் வாயிலிலிருந்து தொடங்காதீர்கள்.

'அவசரப்படாமல் ஐம்பது ஆண்டு விட்டால் தானாகக் குறைந்துவிடாதா?' என்று அடுத்துக் கேட்பீர்கள். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. 50 ஆண்டில் அது எழுநூறில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். இந்தக் கணக்கை நம்பித்தான் சில நாடுகள் காத்திருக்கும் வழியை எடுத்தன. ஆனால் படிவில் சீசியம்-137 இருந்தால் அதன் அரை ஆயுள் 30 ஆண்டு, அவ்வளவு எளிதில் போகாது. புளூட்டோனியம் கையாண்ட கூடங்களில் நிலைமை தலைகீழ்: 14 ஆண்டு அரை ஆயுளுள்ள புளூட்டோனியம்-241 சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது, காத்திருக்கக் காத்திருக்க காமாக் கதிர் கூடும். ஒரே கணக்கை எல்லா இடத்துக்கும் போட முடியாது. அதோடு, காத்திருக்கும் காலத்தில் கூரை ஒழுகும், கிரேன் துருப்பிடிக்கும், தெரிந்தவர்கள் போய்விடுவார்கள். கணினிக்கு இதையெல்லாம் கொடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். கதிரியக்கச் சிதைவை மட்டும் கொடுத்தால் எப்போதும் 'காத்திரு' என்றுதான் சொல்லும்.

நீங்கள் இயந்திரவியல் படிப்பதால் சொல்கிறேன், இந்தத் துறைக்கு அது நல்ல அடித்தளம். கதிர்வீச்சு இயற்பியலை அதன்மேல் கற்றுக்கொள்ளலாம். தூர வர்க்க விதியையும் பாதி குறைக்கும் தடிப்பையும் வைத்துக் காகிதத்தில் டோஸ் கணக்கிடப் பழகுங்கள். மென்பொருள் தரும் எண் பத்து மடங்கு தவறாக இருந்தால் உடனே கண்ணில் பட வேண்டும், அதற்குக் கைக்கணக்கைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முப்பரிமாண மாதிரி கட்டப் பழகுங்கள், ஆனால் அதில் ஒவ்வொரு பொருளுக்கும் 'இது அளந்தது, இது வரைபடத்திலிருந்து எடுத்தது, இது ஊகம்' என்று குறிக்கும் பழக்கத்தோடு. அழகாக வரையப்பட்ட ஊகம் அளவீடு போலவே தெரியும், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதை நம்பி ஆளை அனுப்புவார். வேலை நடக்க நடக்க மாதிரியைத் திருத்துவதற்கு ஒருவரைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்களா என்று, நீங்கள் சேரும் எந்தத் திட்டத்திலும் முதல் வாரத்திலேயே கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் பணி முடிந்து வெளியே வருபவர்களின் டோசிமீட்டர் (டோஸ் அளக்கும் கருவி) காட்டும் எண்ணை உங்கள் கணிப்போடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். கணிப்பைவிடக் கூடுதலாக வந்தால் மட்டுமல்ல, குறைவாக வந்தாலும் ஏன் என்று போய்க் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் குழுவில் யாரோ உங்கள் திட்டத்தில் இல்லாத ஒரு நல்ல இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நின்றிருப்பார்.